பால் துளி தெறிப்பதை வீட்டிலேயே உறைந்த மாதிரி படம் எடுப்பது எப்படி?

அதிவேகப் படப்பிடிப்பு என்பது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடப்பதைக் கலங்காமல் படமாக்குவது. அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, மிகக் குறுகிய வெளிச்சம் போதும்.

40 செ.மீ உயரத்திலிருந்து விழும் துளி தட்டைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர். கேமராவின் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) 1/200 நொடி திறந்திருந்தால், அதற்குள் துளி 14 மி.மீ நகர்ந்து, படத்தில் கோடாக இழுபடும். ஃப்ளாஷை அதன் முழு பவரில் 32-ல் ஒரு பங்குக்கு (1/32) வைத்தால், பல மாடல்களில் வெளிச்சம் 1/10,000 நொடிகூட நீடிக்காது. அதற்குள் துளி 0.3 மி.மீ கூட நகராது. இருட்டில் மின்னல் வெட்டும்போது காற்றில் ஆடும் தென்னை அசையாமல் நிற்பதாகத் தெரிகிறதே, அதே கதைதான்.

துளி விழும் இடத்தில் பென்சிலை நிறுத்தி ஃபோகஸ் செய்து, அது மாறாமலிருக்க ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். அறையை இருட்டாக்கி, ஷட்டரை ஒரு நொடி திறந்துவைத்து, துளி விழும்போது ஃப்ளாஷின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பல தடவை தவறும், விடாதீர்கள். தட்டில் பால் மெல்லிய படலமாக இருந்தால்தான், விளிம்பில் முத்து கோத்த அந்தக் கிரீடம் எழும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1957-ல் எடுத்த புகழ்பெற்ற படமும் இதுதான்.

ஃப்ளாஷ் பவரைக் கூட்டினால் இன்னும் நன்றாக உறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண ஃப்ளாஷில் பவர் கூடினால் மின்னும் நேரமும் நீளும். வெளிச்சம் போதாவிட்டால் ஃப்ளாஷைக் கிட்டே நகர்த்துங்கள்.