கருத்தடை செய்த ஆண் பூனை கதவிலும் ஜன்னல் திரையிலும் சிறுநீர் பீய்ச்சுகிறது. எங்காவது கொண்டு போய் விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகவே இப்பதிலை எழுதுகிறேன். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்த பூனை திடீரென்று வாசல் கதவிலும் கூடத்து ஜன்னல் திரையிலும் பீய்ச்சத் தொடங்கியிருப்பதாகவும், ஏதோ கோபத்தில் பழிவாங்குகிறது என்று வீட்டார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. பூனை உங்களைப் பழிவாங்கவில்லை. பெரும்பாலும் அது இன்னொரு பூனைக்குத் தன் எல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இன்னொரு பூனை எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பீய்ச்சும் பூனை உட்காராது. சுவருக்குப் பின்புறத்தைக் காட்டி நின்று, வாலை நேராக உயர்த்தி, அதன் நுனி படபடவென்று நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி சிறிதளவே விடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டு வழிந்த கோடு சுவரில் தெரியும். குந்தி உட்கார்ந்து தரையிலோ மெத்தையிலோ நிறையக் கழித்தால் அது வேறு சிக்கல். மணல் தட்டு அழுக்காக இருக்கலாம், சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும் என்பதால் இரவானாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும். நான் மருத்துவர் அல்ல. ஆனாலும் நின்று பீய்ச்சும் பூனைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பகுதியில் நாங்கள் முதலில் சென்ற சிகிச்சை நிலையத்தில் பூனையைக் கூடையை விட்டு வெளியே எடுக்கக்கூட இல்லை. ஓர் ஊசியைப் போட்டு, "பூனை என்றால் அப்படித்தான் அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நாய்க்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பூனைக்குக் கொடுக்காத இந்த வழக்கம் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பரிசோதனையை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் முத்துவுக்குச் சிறுவயதிலேயே கருத்தடை செய்தாகிவிட்டது. கருத்தடை செய்தால் பீய்ச்சாது என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலான பூனைகளுக்கு அது உண்மை. ஆனால் பருவம் எய்துமுன் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளைப் பற்றி அமெரிக்காவில் ஹார்ட், கூப்பர் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் சுமார் 10 சதவீதமும் பெட்டைகளில் 5 சதவீதமும் பிற்பாடு பீய்ச்சுவதாகக் கண்டார்கள். ஆகவே உங்கள் பூனைக்கு அறுவை சிகிச்சை சரியாகச் செய்யவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

முத்து துணி துவைக்கும் இயந்திரத்தில் தொடங்கி, பால்கனியின் வலைக்கதவு, அரிசி டிரம் என்று வந்து, ஒரு நாள் பூசையறைக் கதவிலும் பீய்ச்சிவிட்டது. என் மாமியார் அன்று அழுதேவிட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. பூனைப் பிரியர்கள் சிலர் அதைக் குறைத்துப் பேசுவது சரியல்ல. சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிடச் சொன்ன உறவினருக்குத்தான் என்னால் மரியாதையாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டிலேயே வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அங்கே ஏற்கெனவே எல்லை பிடித்திருக்கும் பூனைகள் அதைக் கடித்துத் துரத்தும்.

கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் புற ஊதா விளக்கை வாங்கி, இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுச் சுவர்களில் அடித்துப் பார்த்தோம். பழைய சிறுநீர்க் கறை அவ்வொளியில் மஞ்சளாக மினுங்கும். கறைகளில் பெரும்பாலானவை பால்கனியைப் பார்த்த பக்கத்தில் இருந்தன. பிறகு விடியற்காலையில் காத்திருந்து பார்த்தபோது, கன்னம் உப்பிய ஒரு தெருக் கடுவன் பூனை சன்ஷேடு வழியாக இறங்கி வந்து, எங்கள் துளசித் தொட்டியில் பீய்ச்சிவிட்டுப் போனது. வலைக்கதவுக்கு உள்ளே முத்து முதுகு மயிர் சிலிர்க்க நின்றிருந்தது.

வலைக்கதவின் கீழ்ப்பாதியைப் பார்வை மறைய அட்டையால் மூடினோம். விலங்கு நலத் தொண்டர்களின் உதவியோடு கருவாடு வைத்துக் கடுவனைக் கூண்டில் பிடித்து, கருத்தடை செய்து அதே தெருவில் விட்டோம். அடுத்த சில வாரங்களில் அதன் வருகையும் நாற்றமும் குறைந்தன, முத்துவும் அடங்கியது.

கழுவும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் நாற்றம் என்றதும் கை பினாயிலைத்தான் தேடுகிறது. அதில் இருக்கக்கூடிய பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு உண்டாகும். நொதி (என்சைம்) கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்து, நன்றாகக் காயும் வரை பூனையை அப்பக்கம் விடாதீர்கள். காய்ந்த பிறகு அதே இடத்தில் சோற்றுக் கிண்ணத்தை வையுங்கள். உண்ணும் இடத்தில் பூனை பெரும்பாலும் பீய்ச்சாது. அடிக்கவோ மூக்கைக் கறையில் தேய்க்கவோ வேண்டாம். அச்சம் கூடினால் பீய்ச்சுவதும் கூடும்.

இவ்வளவு செய்தும் நிற்காத பூனைகள் உண்டு. அவற்றுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் ஃபுளூவாக்ஸெடின் போன்ற மாத்திரைகளைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தால் முத்து இன்றும் ஓரிரு இடங்களில் பீய்ச்சுகிறது. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அது வீடெங்கும் பூசி வைத்த சொந்த வாசனை முழுவதையும் நாம் சுண்ணாம்பால் மூடிவிடுகிறோம் அல்லவா? அதனால் ஒரே நேரத்தில் எல்லா அறைகளுக்கும் அடிக்காமல், அதன் படுக்கை இருக்கும் அறையைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் வாசல் கதவும் ஜன்னலும் மட்டுமே நனைகின்றன என்பதால், அண்மையில் மாடிப்படிப் பக்கமோ மதில்மேலோ புதுப் பூனை ஏதும் வருகிறதா என்று அதிகாலையில் ஒருமுறை எழுந்து பாருங்கள்.