கர்ப்பப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வயிற்று உப்புசம்: விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பிறகு 25 நாள் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒரு மாதமாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பி, சுருட்டிச் சுருட்டி வலிக்கிறது. இரண்டு தடவை வாந்தியும் வந்தது. மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடு என்கிறார் அத்தை. கொடுக்கலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது வெறும் மலச்சிக்கல் போல இல்லை. சிறுகுடலில் பாதி அடைப்பு இருக்கலாம். விளக்கெண்ணெய் குடலை வேகமாகச் சுருங்க வைக்கும். வழி குறுகிய குடல் அப்படிச் சுருங்கினால் வலியும் வாந்தியும் கூடும், குடல் கிழியும் ஆபத்தும் உண்டு.

அறுவை நடந்த இடத்தில் தழும்பு நார்போல வளர்ந்து, குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிவிடும். கர்ப்பப்பையை எடுத்ததும் அந்த இடத்துக்குள் சிறுகுடல் இறங்கிவிடுகிறது. கதிர்வீச்சு படுவதும் அங்கேதான். அதனால் குடல் சுவரின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு, சுவர் தடித்து விறைக்கிறது. அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தவர்களுக்கு அடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல்.

வீட்டில் கவனிக்க வேண்டியது காற்று பிரிகிறதா என்பதை. விட்டுவிட்டு வலி, உப்புசம், வாந்தி, காற்றும் பிரியவில்லை என்றால் முழு அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குக் கீழே தேங்கிய மலம் முதலில் ஒரு தடவை வெளியேறலாம், அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பச்சையாக வாந்தி வந்தால் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்து இரவைக் கடத்துவதும் கூடாது. வாய்வழி எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். விட்டுவிட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி படபடத்தாலோ குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக் கூடும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டுமென்று வாந்தியோடு மலைப்பாதையில் கிளம்பாதீர்கள். முதலில் தென்காசி. மூக்கு வழியாக டியூப் போட்டு வயிற்றை வடித்து, டிரிப்ஸ் ஏற்றி, பொட்டாசியத்தைச் சரிசெய்தபின் மாற்றிக்கொண்டு போகலாம். அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, கதிர்வீச்சு அளவு எழுதிய தாள் மூன்றையும் ஒரே பையில் தயாராக வையுங்கள்.

டியூப் வழியே, படத்தில் குடலைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டினால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரியாகும். ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் மூன்று நாள் வரை பொறுத்துப் பார்ப்பதும் வழக்கம். அது அலட்சியம் அல்ல. கதிர்வீச்சு பட்ட குடலை வெட்டித் தைத்தால் தையல் எளிதில் ஆறாது, கசியும்.

இப்போது காற்று பிரிகிறது என்றாலும் இந்த வாரமே சி.டி. ஸ்கேன் எடுங்கள். புற்றுநோய் திரும்பி வந்து குடலை அழுத்தவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதுவரை மட்டை அரிசி (தவிடு ஒட்டிய கேரளச் சிவப்பரிசி) வேண்டாம். குழைய வடித்த வெள்ளரிசிக் கஞ்சி, இடியாப்பம், ஆப்பம், இட்லி, முள் எடுத்த மீன், முட்டை, மோர் போதும். முருங்கைக்காய், வாழைத்தண்டு, முட்டைக்கோஸ் தோரன், தேங்காய்ப்பூ போட்ட புட்டு, கடலைக்கறி, பலாச்சுளை, அன்னாசி, ஆரஞ்சின் சக்கை எல்லாம் குறுகிய இடத்தில் சிக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். நார்ச்சத்துப் பொடி நல்லது என்று யாராவது சொன்னாலும் இந்த நிலையில் அது எதிரி.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து ஒன்றரை வருடம். மலத்தோடு ரத்தம் வருகிறது. மூலம் என்று நினைத்துக் களிம்பு போடுகிறேன். சரியா?
– வாசகி, கம்பம்

பதில்: சோதிக்காமல் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். கதிர்வீச்சால் மலக்குடல் புண்ணாவது இப்படி மாதங்கள் கழித்தும் வரும். ஸ்கோப் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும். செய்பவரிடம் கதிர்வீச்சு பெற்றதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் சோதனைக்குச் சதை எடுத்தால் புண் ஆறாமல் துளை விழலாம். சுக்ரால்ஃபேட் எனிமாவும் (புண்ணை மூடும் மருந்தை ஆசனவாய் வழியே செலுத்துவது) ஆர்கான் சிகிச்சையும் (ரத்தம் கசியும் இடத்தை ஸ்கோப் வழியே சுடுவது) பலருக்குப் பலன் தருகின்றன. ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாமல், அன்றே அறுவை மருத்துவரைப் பாருங்கள்.