எஸ்ஆர்வி பதிவுக்காக ஹொஸ்டிங் பொதியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பரந்தனில் அரிசி ஆலையும், கிளிநொச்சி நகரிலும் மாங்குளத்திலும் விற்பனைக் கடைகளும் நடத்துகிறேன். மூன்று இடத்துத் தொலைபேசிகளையும் இணையத்தின் வழியாக ஒன்றிணைக்கப் பணம் கட்டியுள்ளேன். அதைப் பொருத்துபவர், எங்கள் டொமைனில் ‘எஸ்ஆர்வி’ பதிவுகள் இரண்டைச் சேர்க்கச் சொல்கிறார். டொமைனை விற்ற நிறுவனத்தின் பக்கத்திலோ ஏ, சிநேம், எம்எக்ஸ், டெக்ஸ்ட் ஆகிய நான்கு வகைப் பதிவுகளே உள்ளன. விலை கூடிய ஹொஸ்டிங் பொதிக்கு மாறினால்தான் எஸ்ஆர்வி கிடைக்கும் என்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நீங்கள் பெறும் ஒரே பற்றுச்சீட்டுக்குள் மூன்று வெவ்வேறு சேவைகள் அடங்கியிருக்கின்றன: டொமைன் பெயரின் பதிவு, இணையத்தளத்தை வைத்திருக்கும் ஹொஸ்டிங், அந்தப் பெயரைத் தேடி வருபவருக்கு இந்தப் பதிவுகளைக் கொண்டு வழி காட்டும் டிஎன்எஸ். உங்களுக்குக் குறைபாடு இருப்பது மூன்றாவதில் மட்டுமே. அதற்காக இரண்டாவதற்குக் கூடுதல் பணம் கேட்பது, சைக்கிளில் மணி இல்லை என்றவருக்குப் புதுச் சைக்கிள் விற்பதைப் போன்றது.

முதலில், அந்தப் பதிவு உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். ஏ பதிவு ஒரு பெயருக்குரிய ஐபி முகவரியை மாத்திரம் சொல்லும். 2000ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 2782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட எஸ்ஆர்வி பதிவோ, குறித்த சேவை எந்த சேர்வரில் எந்த போர்ட்டில் (அதாவது, சேர்வரின் எந்த எண்ணுள்ள வாசலில்) இயங்குகிறது, அது விழுந்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஆகவே உங்கள் தொலைபேசிகளுக்கு ஒரேயொரு சேர்வர்தான் என்றால், அதன் பெயரையும் 5060 என்ற போர்ட்டையும் ஒவ்வொரு கருவியிலும் நேரடியாகப் பதிந்துவிடலாம். ஏ பதிவே போதும். உங்களிடம் இரண்டு பதிவுகள் கேட்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் மாற்று சேர்வர் ஒன்றும் இருக்கக்கூடும். அப்படியானால் எஸ்ஆர்வி பயனுள்ளதுதான். பொருத்துபவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தேவையெனில், டொமைனை அதே நிறுவனத்திலும் இணையத்தளத்தை அதே ஹொஸ்டிங்கிலும் விட்டுவிட்டு, டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம் சேர்வரை மட்டும் எஸ்ஆர்வி வசதியுள்ள வேறொரு டிஎன்எஸ் சேவைக்கு மாற்றலாம். டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசத் திட்டத்திலேயே இந்த வசதி உண்டு. ஆனால் மாற்றுவதற்கு முன்னர், இப்போதுள்ள பதிவுகள் அனைத்தையும், குறிப்பாக மின்னஞ்சலுக்குத் தேவையான எம்எக்ஸ், டெக்ஸ்ட் இரண்டையும், ஓர் எழுத்தும் பிசகாமல் புதிய இடத்தில் பதிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தொலைபேசி ஒலிக்கும், மின்னஞ்சல் நின்றுபோகும். மாற்றம் எங்கும் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம் என்பதால், காலபோக நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பதிவை நிரப்புவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘_சிப்._யூடிபி’ (_sip._udp) என்பதை, அடிக்கோடுகளோடு, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெயராக இடுங்கள். முதன்மை சேர்வருக்கு முன்னுரிமை 10, மாற்று சேர்வருக்கு 20. சிறிய எண்ணே முதலில் அழைக்கப்படும். எடை என்னும் கட்டம் ஒரே முன்னுரிமையுள்ள சேர்வர்களுக்கிடையே அழைப்புகளைப் பகிர்வதற்கானது என்பதால் உங்களுக்கு 0 போதும். போர்ட் 5060. இலக்கு என்ற கட்டத்தில் ஐபி முகவரியையோ சிநேம் வைத்த மாற்றுப் பெயரையோ எழுதக் கூடாது. தனக்கென ஏ பதிவுள்ள பெயரே அங்கே வர வேண்டும். கிளவுட்ஃபிளேரில் அந்த ஏ பதிவுக்குப் பக்கத்திலுள்ள செம்மஞ்சள் மேக அடையாளத்தை அணைத்துச் சாம்பல் நிறமாக்குங்கள். அது எரிந்தால் தொலைபேசி அழைப்பு சேர்வரைச் சென்றடையாது.

இன்னொன்று, பொருத்துபவர்களே மறப்பது: எஸ்ஆர்வியை நம்பும் தொலைபேசியில் போர்ட் கட்டம் வெறுமையாக, அல்லது சில கருவிகளில் 0 என, இருக்க வேண்டும். அங்கே 5060 என்று எழுதிவிட்டால் கருவி எஸ்ஆர்வியைத் தேடாமல் நேரே ஏ பதிவுக்குப் போய்விடும், மாற்று சேர்வர் இருந்தும் பயனில்லை. ஆகவே கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், முதன்மை சேர்வரை நிறுத்திக் காட்டச் சொல்லி, மாங்குளத்திலிருந்து பரந்தனுக்கு ஓர் அழைப்பை எடுத்துப் பாருங்கள்.

நேம் சேர்வரை மாற்றித் தர விற்ற நிறுவனம் மறுத்தால், டொமைன் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்பதை எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: முல்லைத்தீவிலுள்ள எங்கள் அலுவலகக் கணினியில் ஓர் இணையப் பக்கம் 8080 போர்ட்டில் இயங்குகிறது. எஸ்ஆர்வி பதிவு இட்டால், முகவரியில் அந்த எண்ணை எழுதாமலே உலாவியில் திறக்குமா?

பதில்: திறக்காது. உலாவிகள் சாதாரண இணையப் பக்கங்களுக்கு எஸ்ஆர்வி பதிவைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தை 80, 443 ஆகிய போர்ட்டுகளுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது அவற்றில் வரும் கோரிக்கையை 8080க்கு அனுப்பும் ஓர் இடை சேர்வரை வைக்க வேண்டும்.