ஏப்ரலில் பார்த்த ஊரை டிசெம்பரிலும் ஒருமுறை பாருங்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் முப்பத்திரண்டு வருடமாகத் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வங்கியில் வேலை, அடுத்த ஜூனில் ஓய்வு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இந்த ஏப்ரல் விடுமுறைக்கு நாலு நாள் திருகோணமலை வந்து உப்புவெளியில் தங்கினோம். அன்றிலிருந்து அவருக்கு வேறு கதையே இல்லை. வீட்டை விற்றுவிட்டு நிலாவெளியில் கடலோரமாகக் காணி வாங்கிக் குடியேற வேண்டுமாம். தரகர் ஒருவர் படம் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஊர் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பார்க்கப் பிடித்த ஊர் இருக்கவும் பிடிக்குமா? தங்கை மட்டக்களப்புதான் நல்லது என்கிறாள், மச்சான் பண்டாரவளை என்கிறார். நீங்கள் அங்கேயே இருப்பவர், மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, பால்கனியில் பதினாறு ரோசாத் தொட்டி வைத்திருக்கிறேன். அதெல்லாம் அங்கே வளருமா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: அன்பின் சகோதரி, உங்கள் அவருக்கு வந்திருப்பது புது வருத்தம் இல்லை. ஏப்ரலில் இங்கே வந்து, கண்ணாடி மாதிரிக் கிடக்கிற கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலுக்கு அடியில் மீன் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போகிற ஆட்களுக்கு வழக்கமாக வருவதுதான். சிலருக்குக் கொழும்பு போய் ஒரு கிழமையில் மாறிவிடும், உங்கள் வீட்டில் மாறவில்லை போல.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் சரி. நிலாவெளிக் கடற்கரைக் காணி வேண்டாம். வெள்ளவத்தை வீட்டை இப்போதைக்கு விற்கவே வேண்டாம்.

நானும் வந்தவள்தான். பருத்தித்துறைப் பிள்ளை. 1997இல் கலியாணம் முடித்து, தரைப்பாதை பூட்டியிருந்த காலம் என்பதால் கப்பலில் வந்து இறங்கினேன். இறங்கின அன்று இந்த ஊர் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிடிக்க மூன்று நாலு வருடம் எடுத்தது. பிறகு விட்டுப்போக மனமில்லை. அதனால்தான் நாலு நாளில் பிடித்துப்போனது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

நீங்கள் பார்த்தது ஏப்ரல் திருகோணமலை. இன்னும் இரண்டு திருகோணமலை இருக்கிறது.

ஒன்று கச்சான் காலம். கச்சான் என்றதும் உங்களுக்குக் கோயில் திருவிழாவில் சுருளில் கட்டித் தருகிற கடலைதான் ஞாபகம் வரும். இங்கே அது ஒரு காற்றுக்கும் பெயர். உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவ மழை பெய்துகொண்டிருக்கிற அதே மாதங்களில், அந்தக் காற்று ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வரண்ட நிலமெல்லாம் உரசிக்கொண்டு சூடாக எங்களிடம் வந்து சேரும். ஜூன், ஜூலை, ஓகஸ்ட். காலை பத்து மணிக்குக் கதவு படார் என்று அடித்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் காய்ந்து பப்படம் மாதிரி நிற்கும். யன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. உதடு வெடிக்கும், தலை இடிக்கும், வீட்டில் எல்லோருக்கும் காரணமில்லாமல் கோபம் வரும். என் மாமியார் கச்சான் காலத்தில் சம்பந்தம் பேசக் கூடாது என்பார், சாத்திரத்துக்காக இல்லை, யாரும் யாரோடும் மரியாதையாகப் பேச மாட்டார்கள் என்பதற்காக. வேடிக்கை என்னவென்றால், நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற அந்தக் காற்றால்தான் அந்த மாதங்களில் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கிறது. வெளிநாட்டுக்காரர் புறாமலைத் தீவுக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்த்து மகிழ்கிற அதே நேரத்தில்தான் உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருப்போம்.

மற்றது மாரி. ஒக்டோபர் கடைசியில் தொடங்கும், நவம்பர் டிசெம்பர் உச்சம், ஜனவரியிலும் விட்டு விட்டுப் பெய்யும். ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். அப்போது கடல் வேறு ஆள். நிறம் மண்ணாகிவிடும், இரைச்சல் உள்வீதி வரைக்கும் கேட்கும், உப்புவெளியில் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்த மணலில் பாதியைக் காணாது. மேற்குக் கரையிலிருந்து வந்து கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டிருந்த மீனவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். ஹோட்டல்களில் பாதி பூட்டு, நிலாவெளி வீதியில் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் ஓட்டோ தேடிப் பாருங்கள், தெரியும். அந்த மாதங்களில் நிலாவெளிக் கடற்கரையில் இரண்டு வயதான ஆட்கள் மட்டும் ஒரு புது வீட்டில், மின்சாரமும் போய், கடல் இரைவதைக் கேட்டுக்கொண்டு! இதை எழுதும்போதே எனக்கு உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியும், நான் விரிக்க வேண்டியதில்லை.

அப்புறம் உப்பு. கடலுக்கு அடுத்த வளவில் இரும்பு என்று எது இருந்தாலும் அது நோயாளி. கேற் கீல், ஃபானின் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் முதுகு எல்லாம் தின்றுவிடும். கிணறும் இடத்துக்கு இடம் உவர். பட்டினத்துக்குள் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, குடிக்க அதுதான்.

சரி, காணி. இதில்தான் நீங்கள் அவரை இழுத்துப் பிடிக்க வேண்டும். தரகர் அனுப்புகிற படத்தில் தென்னையும் கடலும் தெரியும், காணியின் உறுதிப் பத்திரம் தெரியாது. இங்கே காணி இரண்டு சாதி. ஒன்று உறுதிக் காணி, மற்றது அரசாங்கம் குடியேற்றத்துக்குக் கொடுத்த பேமிட் காணி. பேமிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, ஆனால் விற்கப் பார்க்கிறார்கள், விலை குறைவு என்பதால் வாங்கவும் ஆள் இருக்கிறது. உறுதிக் காணி என்றாலும் முழுசாய் நம்ப முடியாது. யுத்தத்தில் சனம் சிதறிப்போன மாவட்டம் இது. உரிமையாளர் லண்டனில் இருப்பார், அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிற அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் விற்பார், அந்த அற்றோணித் தத்துவம் இன்னும் செல்லுபடியா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் கணவரின் சொந்தத்தில் ஒருவர் இப்படித்தான் வாங்கி, வேலி போடப் போன அன்று அடுத்த ஆள் இன்னொரு உறுதியோடு வந்து நின்றார். இரண்டு பேருமே காசு கொடுத்து வாங்கியவர்கள். ஏழு வருடமாக வழக்கு நடக்கிறது, வேலி மட்டும் இன்னும் போடப்படவில்லை. ஆகவே உறுதி எழுத தரகர் காட்டுகிற நொத்தாரிஸ் வேண்டாம், நீங்களாகப் பிடித்த ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பின்னோக்கி முப்பது வருடத்துக்காவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரைக்கும் கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தரகர் அதைச் சொன்னாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லியிருக்க மாட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஊர் சரி என்று ஏன் சொன்னேன் என்றால், நான் சொல்கிற ஊர் பட்டினம். அதை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். உப்புவெளியில் தங்குகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு ஒருதரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒருதரம் என்று ஓடிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பட்டினம் ஒரு ஒடுங்கின நிலத்துண்டில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் ஒல்லாந்தர் குடா, மேற்குப் பக்கம் உட்துறைமுகம். நடுவில் கடை, சந்தை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் எல்லாம். காலையில் வெளிக்கடலில் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, பின்னேரம் எதிர்ப்பக்கம் நடந்து துறைமுகத்துக்கு அப்பால் மலைக்குப் பின்னே அது இறங்குவதையும் பார்க்கலாம். கிழக்குக் கரை ஊர்களில் கடல் காலைக்குத்தான், எங்களுக்கு இரண்டு நேரமும். இங்கே இருக்கிற எங்களுக்கே இது பெரிய விஷயம் என்று மறந்துபோய்விடும், யாராவது வந்து சொன்னால்தான் ஞாபகம் வரும்.

வெள்ளவத்தையில் உங்களுக்கு எல்லாம் நடை தூரம் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு நிலாவெளிக்குப் போனால் ஒரு தேங்காய்க்கும் வாகனம் வேண்டும், பட்டினத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர். பட்டினத்துக்குள் என்றால் காலையில் சந்தைக்கு நடந்து போய் விளமீனோ பாரையோ வெட்டி வாங்கிக்கொண்டு, வருகிற வழியில் பத்திரகாளி அம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எட்டு மணிக்குள் வீடு வந்துவிடலாம். எருமைத் தயிர் சட்டியோடு வாங்கலாம், சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத தயிர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் பூசைக்குக் கோட்டை வாசலால் ஏறுங்கள். சம்பந்தர் பாடிய தலம், போர்த்துக்கேயர் 1620களில் இடித்துவிட்டு அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள், இன்று அந்தக் கோட்டைக்குள்ளால்தான் நாங்கள் அர்ச்சனைத் தட்டோடு போகிறோம். நவராத்திரி முடிகிற இரவுகளில் கும்பம் தூக்கி ஊர் சுற்றுவார்கள், அதற்கும் வந்து பாருங்கள். கச்சேரியிலும் வங்கியிலும் தமிழில் காரியம் பார்க்கலாம், சந்தையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சனமும் கலந்து நிற்கும், கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் வாழ்க்கை இன்னும் லேசு.

வைத்தியம்தான் குறை. பொது வைத்தியசாலை பட்டினத்திலேயே இருக்கிறது, அவசரத்துக்குச் சரி. ஆனால் பெரிய சத்திரசிகிச்சை, விசேட நிபுணர் என்று வந்தால் பலரும் கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறார்கள். இரவு மெயில் ரயிலில் ஏறினால் காலையில் கொழும்பு, பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம். உங்கள் இருவரில் யாருக்காவது இதயமோ சிறுநீரகமோ தொடர்ந்து காட்டுகிற நிலைமை இருந்தால் இந்தக் கடிதத்தில் நான் எழுதின நல்லதெல்லாம் மறந்துவிடுங்கள். வெள்ளவத்தை வீட்டை வைத்திருக்கச் சொன்னதற்கும் இதுதான் முதல் காரணம்.

தங்கை சொன்ன மட்டக்களப்பு கெட்ட யோசனை இல்லை. போதனா வைத்தியசாலை இருக்கிறது, தரை சமதளம், சைக்கிளிலேயே காலத்தை ஓட்டலாம், கல்லடிப் பாலத்தில் பின்னேரக் காற்று வாங்குவது போல சுகம் வேறில்லை. எனக்கு அந்த ஊரைக் கண்டால் எப்போதும் கொஞ்சம் பொறாமை. ஆனால் உங்களுக்கு அங்கே யாரும் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. பண்டாரவளைக் குளிர் போய் நாலு நாள் இருக்க நல்லது, முழங்கால் வலிக்கிற வயதில் அந்த ஏற்ற இறக்கம் மச்சானுக்குச் சரி, உங்களுக்கு எப்படியோ. சும்மா பார்க்க ஓர் ஊர் கேட்டிருந்தால் நான் மன்னாரைச் சொல்லியிருப்பேன். பெருக்க மரமும் வீதியில் திரிகிற கழுதைகளும் திருக்கேதீச்சரமும், இரண்டு நாளைக்கு அருமை. இருக்கச் சொன்னால் மாட்டேன்.

என்ன செய்யலாம் என்றால், அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்காமல் இந்த டிசெம்பரில் லீவு போட்டுவிட்டு இருவரும் பத்து நாள் வாருங்கள். உப்புவெளி ஹோட்டல் வேண்டாம், பட்டினத்துக்குள் ஓர் அறை. அது தாங்கினால் ஜூனில் பென்சனோடு வந்து, வெள்ளவத்தை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டை ஒரு வருடத்துக்கு எடுங்கள். உயரமான இடம், காற்றும் உண்டு, பட்டினம் கிட்ட. சரியாகக் கச்சானோடு தொடங்குவீர்கள், அதுவும் நல்லதுதான். வருடம் முடிய இன்னும் அவருக்குக் கடலோரக் காணிதான் வேண்டுமென்றால் அப்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இடையில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று. எங்கள் ஒழுங்கையில் இப்படி ஓய்வோடு வந்த ஒருவர் மூன்று மாதம் கடலைப் பார்த்தார், நாலாம் மாதம் பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், இப்போது வாசலில் பத்துப் பன்னிரண்டு சைக்கிள் நிற்கும். அவர் தப்பிவிட்டார். உங்கள் அவரிடம் "கடலைப் பார்ப்பேன்" என்பதற்கு மேல் பதில் இல்லையென்றால் அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், காணியைப் பற்றி இல்லை.

ரோசா கேட்டீர்கள். கச்சானில் இலை கருகும், கடற்பக்கம் என்றால் உப்பும் சேரும், ஆனால் பின்வளவில் மறைவாக வைத்து இரண்டு நேரம் தண்ணீர் விட்டால் நிற்கும். என்னிடம் ஐந்து நிற்கிறது. பெரிய எதிரி மான். கோட்டைக்குள் மட்டும் என்று நினைக்காதீர்கள், பஸ் நிலையம் வரைக்கும் கூட்டமாக வரும், குப்பையில் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும் பாவங்கள். கேற் திறந்திருந்தால் வளவுக்குள்ளும் வரும். போன வருடம் என் செம்பருத்தியை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டு, காலையில் வாசலில் நின்று என்னையே பார்த்தது. பதினாறையும் கொண்டுவர வேண்டாம், முதலில் நாலைக் கொண்டுவாருங்கள், மாடி உள்ள வீடாகப் பாருங்கள்.