இறகுப்பந்துச் செலவு: நகையை அடகு வைக்க வேண்டாம்

காரைக்குடியில் இறகுப்பந்து பழகும் மகளுக்காக நகையை அடகு வைப்பதா, பயிற்சியை நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம், முதலில் பந்துச் செலவைக் குறையுங்கள்.

16 இறகுகள் கொண்ட அந்தப் பந்து நம் செட்டிநாட்டு வெயிலில் காய்ந்து, சில ஆட்டங்களிலேயே முறிந்துவிடுவதுதான் செலவு ஏறப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஒரு மாதம் கட்டணம், பந்து, பயணம் மூன்றையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். பந்துச் செலவே மிகுந்தால், அடிப்படைப் பயிற்சிக்கு நைலான் பந்து போதுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். இறகுப் பந்துக்கு முந்தைய இரவே சிறிது நீராவி காட்டி வைத்தால் கூடுதலாக உழைக்கும். இந்தக் கணக்கை மகள் எதிரில் பார்க்காதீர்கள், குழந்தை தானாகவே விலகிக்கொள்ளக்கூடும்.

ஆனால் நைலான் பந்தின் வேகமும் போக்கும் வேறு என்பதால், போட்டி நெருங்கும்போது இறகுப் பந்துக்குத் திரும்பிவிட வேண்டும்.