பங்கு வாழ்வில் இணைவது எப்படி? கேள்வி பதில்

பங்கு என்பது ஓர் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகம். அதன் வாழ்வில் பங்கேற்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்பலியில் விவிலியப் பகுதிகளை வாசிக்கும் வாசகராகவும், சிறாருக்குச் சமயம் கற்பிக்கும் மறைக்கல்வி ஆசிரியராகவும், இரண்டு முறை பங்குப் பேரவை உறுப்பினராகவும் இருந்தவன் என்ற முறையிலேயே பேசுகிறேன். நான் குருவானவரும் அல்ல, திருச்சபைச் சட்ட வல்லுநரும் அல்ல.

கேள்வி: இந்தப் பங்குக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்கிறேன், ஆனால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நான் இந்தப் பங்கைச் சேர்ந்தவன்தானா?

ஐயமே வேண்டாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கு என்பதைப் பொதுவாக எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியாகவே காண்கிறது. அந்த எல்லைக்குள் வாழும் கத்தோலிக்கர் அனைவரும் அதன் மக்கள் (சட்டம் 518). நிலையாகத் தங்கும் எண்ணம் இல்லாதவர்கூட, மூன்று மாதங்கள் அங்கு வாழ்ந்துவிட்டால் அந்தப் பங்கின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையின் பொறுப்புக்குள் வந்துவிடுகிறார் (102, 107). ஆகவே அலுவலகத்தில் பெயர் பதிவதால்தான் நீங்கள் பங்கின் உறுப்பினர் ஆகிறீர்கள் என்பதில்லை. ஆயினும் பதிந்துவிடுங்கள். நோயில் படுத்தால் நற்கருணை கொண்டுவருபவருக்கு உங்கள் முகவரி தெரிய வேண்டும். நாளை ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்க நேர்ந்தால், பங்குத்தந்தை உங்களை அறிந்திருப்பது உதவும்.

அறிமுகம் என்பது வேறு வேலை. திருப்பலி முடிந்ததும் வாசலை நோக்கி விரையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். இருக்கைகளில் பாடல் புத்தகங்கள் சிதறிக் கிடக்கும், அவற்றை எடுத்து அடுக்குபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு வரிசையை நீங்களும் அடுக்குங்கள். மூன்றாவது வாரம் அவர்களே உங்கள் பெயரைக் கேட்பார்கள். என் கதையும் இதுதான். அட்டை கிழிந்த நாற்பது புத்தகங்களை ஒட்டிக் கொடுக்க முடியுமா என்று ஒரு மூதாட்டி கேட்டார். பங்கில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு ஒரு பசைப் புட்டிதான்.

கேள்வி: திருப்பலியில் வாசகம் வாசிக்க ஆசை. பெண்களுக்கு அனுமதி உண்டா? என்ன பயிற்சி வேண்டும்?

உண்டு. பெரும்பாலான பங்குகளில் பெண்கள் பல பத்தாண்டுகளாகவே வாசித்து வருகிறார்கள். ஆனால் நிலையான வாசகர் பணியிலும், பலிபீடத்தில் குருவுக்குத் துணைநிற்கும் பீடத்துணைவர் பணியிலும் ஆயரால் சடங்குமுறைப்படி நியமிக்கப்படுவது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் 230ஐத் திருத்தி அந்தத் தடையை நீக்கினார்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் குரல் நன்றாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா நற்செய்திகள் முதன்மை பெறுகின்றன. பெருவிழாக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தில், பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் முதல் வாசகம் அன்றைய நற்செய்தியோடு பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே உங்கள் பகுதியை மட்டும் அல்லாமல் நற்செய்தியையும் புதன்கிழமையே வாசித்துவிடுங்கள்; எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும். பவுலின் கடிதங்களில் ஒரே வாக்கியம் ஐந்து வரிகளுக்கு ஓடும். அதில் எழுவாய் எங்கே, வினைமுற்று எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் மேடை ஏறினால், நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில் பொருளும் அறுந்துவிடும். கடினமான பெயர்களை வீட்டிலேயே நான்கு முறை உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

வாசித்து முடித்ததும் உடனே ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அந்த மூன்று நொடி அமைதியில்தான் கேட்டவர் கேட்டதை வாங்கிக்கொள்கிறார். நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில் எஸ்ரா மக்கள்முன் திருச்சட்ட நூலை வாசிக்கும் காட்சி வருகிறது. அங்கே மக்களுக்குப் புரியும்படி பொருள் விளங்க வாசிக்கப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறது, இனிய குரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: எனக்கு இரவுப் பணி. கூட்டங்களுக்கு வர இயலாது. நான் எதிலும் சேர முடியாதா?

முடியும். செபமும் சந்திப்புப் பணியும் செய்யும் இயக்கமான மரியாயின் சேனையில், கூட்டத்துக்கு வராமல் நாள்தோறும் செபிப்பதையே கடமையாக ஏற்கும் துணை உறுப்பினர் நிலை ஒன்று உண்டு. கணக்கு எழுதுதல், அறிவிப்புத் தாள் தட்டச்சு செய்தல் ஆகியவற்றையும் வீட்டிலிருந்தே செய்யலாம். இவற்றுக்கு ஆள் கிடைக்காமல் அலுவலகங்கள் தவிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: மரியாயின் சேனை, புனித வின்சென்ட் தே பவுல் சபை இரண்டும் எங்கள் பங்கில் உள்ளன. எதில் சேரலாம்?

இரண்டையும் தொடங்கியவர்கள் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரே. வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கினார். மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில், பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியரை முன்னின்று நடத்துபவராகக் கொண்டு பிறந்தது. முன்னது வறியவர் வீடுகளுக்கு நேரில் சென்று பொருளுதவியோடு உறவையும் கொடுக்கிறது. பின்னது செபமாலையுடன் கூடிய வாரக் கூட்டத்தையும், இருவர் இருவராகச் சந்திப்புப் பணி செய்வதையும் வலியுறுத்துகிறது; பொருளுதவி செய்வது அதன் வழக்கம் அன்று. ஒழுங்கான செப வாழ்வு வேண்டுபவருக்குச் சேனை பொருந்தும். பசித்த வீட்டின் கதவைத் தட்டத் தயங்காதவருக்குச் சபை பொருந்தும். சேரும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டத்தில் விருந்தினராக அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: பங்குப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளேன். பங்குத்தந்தையின் முடிவை நாங்கள் வாக்கெடுத்து மாற்ற முடியுமா?

முடியாது. மேய்ப்புப் பணிப் பேரவை எனப்படும் பங்குப் பேரவைக்கு ஆலோசனை வழங்கும் வாக்கு மட்டுமே உண்டு என்று சட்டம் 536 தெளிவாகச் சொல்கிறது. அது அமைவதே ஆயரின் முடிவைப் பொறுத்தது. நிதிக்குழு அப்படியல்ல, ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆக வேண்டும் (537).

‘வெறும் ஆலோசனைதானே’ என்று சோர்ந்துவிட வேண்டாம். நான் இருந்த பேரவையில் மறைக்கல்வி வகுப்பின் நேரத்தை மாற்றப் பங்குத்தந்தை முடிவு செய்திருந்தார். ‘இது சரியில்லை’ என்று நாங்கள் மூன்று கூட்டங்களில் சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வர இயலாது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய ஒரு தாளைக் கொண்டுவந்தார். பங்குத்தந்தை அதை இருமுறை படித்துவிட்டுப் பழைய நேரமே தொடரட்டும் என்றார்.

கேள்வி: காணிக்கையின் கணக்கைக் கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை. இறைமக்கள் கொடுத்த பொருளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம் (1287). குறிப்பிட்ட நோக்கத்துக்கெனக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (1267). பணிவாக, முடிந்தால் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மணமுறிவுக்குப் பின் அரசுப் பதிவில் மறுமணம் செய்தவள் நான். ஆலயத்துக்கு வருவதற்கே கூச்சமாக உள்ளது.

வாருங்கள். இந்நிலையில் உள்ளோர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர் என்று 2016இல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ என்ற திருத்தந்தையின் திருத்தூது ஊக்கவுரை வெளிப்படையாகக் கூறுகிறது. வழிபாட்டுப் பணிகளிலும் பங்குப் பணிகளிலும் இப்போதுள்ள விலக்குகளில் எவற்றைக் கடக்கலாம் என்று தேர்ந்து தெளியவும் அது அழைக்கிறது. எனவே எந்தப் பணியில் ஈடுபடலாம், உங்கள் முதல் திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் ஆராய வாய்ப்புள்ளதா என்பவற்றைப் பங்குத்தந்தையிடம் தனியே பேசுங்கள். நோயாளிகளைப் பார்க்கச் செல்லவோ, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அமர்ந்து இறைவார்த்தையைப் பகிரவோ அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: மறைக்கல்வி கற்பிக்க முன்வந்தேன். பின்னணிச் சரிபார்ப்பும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். என்னை நம்பவில்லையோ?

வருந்தாதீர்கள். சிறாரோடு பழகும் எவரையும் இவ்வாறு சோதிக்க வேண்டிய தேவையைத் திருச்சபை மிகுந்த துயரத்தின் வழியே கற்றுக்கொண்டது. சரிபார்க்காமலே உங்களை வகுப்பறைக்குள் விடும் பங்கைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: பாடகர் குழுவில் சேர்ந்தேன். பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் சிலரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். விலகிவிடலாமா?

இந்தக் கேள்வியைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். வாசகர் குழுவில் நானே அந்தப் ‘பழைய ஆள்’ என்று ஒரு புதியவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் விடுதலைப் பயண நூலின் வாசகத்தைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் நானே வாசித்திருக்கிறேன், அது எனக்கே உரியது என்ற நினைப்போடு. பழையவர்கள் பெரும்பாலும் அதிகார ஆசையால் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. யாரும் வராத காலத்தில் சுமந்து பழகிய கைகள் அவை. ‘உங்களுக்கு ஏன் எல்லாம்’ என்று கேட்காமல், ‘அடுத்த மாதம் பதிலுரைப் பாடலை நான் எடுத்துக்கொள்ளட்டுமா, நீங்கள் அருகில் நின்று திருத்துங்கள்’ என்று கேளுங்கள். ஆறு மாதம் கேட்டும் கதவு திறக்கவில்லையெனில் வேறு குழுவுக்குச் செல்லுங்கள், அதில் குற்றமொன்றும் இல்லை. என்னிடம் சொன்ன அந்தப் புதியவரே இப்போது அந்த வாசகத்தை வாசிக்கிறார். பார்வோனின் தேர்கள் கடலில் மூழ்கும் இடத்தில் நான் வாசித்ததைவிட நன்றாக நிறுத்துகிறார்.