ஆப் இருக்கட்டும் தம்பி, முதலில் வட்டிக் கணக்கு

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதம் எஸ் பாஸில் (வேலை அனுமதியில்) சிங்கப்பூர் வருகிறேன். செலவுக் கணக்கு எழுத எந்த ஆப் நல்லது, எந்த கிரெடிட் கார்டு எடுக்கலாம், ஊரில் இரண்டு மா நிலம் வாங்கிப் போடலாமா?"

ஆப் எதுவானாலும் சரி, நாற்பது பக்க நோட்டு இருந்தாலும் போதும். கார்டு முதல் வருஷம் வேண்டாம். இங்கே கார்டு பாக்கிக்கு வருஷ வட்டி 25 சதவீதத்தைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையாது. புதுப் போனைத் தவணையில் வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு ஊர்போகும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர்களில் பலருக்கு, இங்கே வர ஏஜென்டுக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடனே இன்னும் முடிந்திருக்காது.

அந்தக் கடனைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. இங்கே உரிமம் பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போவதெல்லாம் ஊர் ஏஜென்ட் வாங்குவது. அதுதான் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிக் கட்டும் பணம்.

மூன்று லட்சம், நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். மாதம் 10,000 கட்டினால் கடன் தீர 47 மாதம் ஆகும், வட்டி மட்டும் 1,62,000-ஐத் தாண்டும். 25,000 கட்டினால் 14 மாதத்தில் தீரும், வட்டி சுமார் 46,000. ஆனால் நம் பக்கம் பலர் அசலைத் துண்டு துண்டாக வாங்கமாட்டார்கள், "மொத்தமாகக் கொடு" என்பார்கள். அப்படியானால் வட்டி போக மீதி 19,000-ஐத் தனியே சேர்த்து, 16-வது மாதம் முடிப்பீர்கள். வட்டி 96,000. அதே 25,000 கட்டியும் 50,000 கூடுதலாகப் போகிறது. வீட்டில் நகை இருந்தால் பாங்கில் அடகு வைத்து இந்தக் கடனை உடனே அடைத்துவிடுங்கள். நூற்றுக்கு இரண்டு என்பது வருஷத்துக்கு 24. பாங்க் நகைக்கடன் அதில் பாதிகூட வராது.

கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறவர் என்றால், கட்டும் ஒவ்வொரு தொகையையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதிபோட்டு வரவு வைக்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பாமல் பாங்க் வழியாகக் கட்டினால் இன்னும் நல்லது. கடைசித் தவணை அன்று புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கையும் திரும்ப வாங்காமல் அப்பா எழுந்து வரக்கூடாது.

கிளம்புமுன் பாங்க் வேலை. வேலைக்கென்று வெளிநாடு கிளம்பிய நாளிலிருந்தே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். ஊர்ச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்லுங்கள். குத்தகை, நெல் பணம் எல்லாம் அதில். அதன் வட்டியில் வரியாக 30 சதவீதமும், அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இங்கிருந்து அனுப்பும் சம்பளப் பணத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் வெளியே எடுக்கலாம். ஊர் சிம்மைச் சும்மா போடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நம்பரே போய்விடலாம், அதோடு ஓடிபியும் போகும்.

பணம் அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற பலகையைப் பார்க்காதீர்கள், ஊரில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று பாருங்கள். ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 50 காசு குறைத்தால் ஆயிரம் வெள்ளிக்கு 500 ரூபாய் போச்சு. ஒரு காலத்தில் டிராஃப்ட் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். அது ஊர்போய்ச் சேர்ந்து, பாங்கில் மாறிக் கைக்கு வருவதற்குள் நடவே முடிந்துவிடும். அதனால்தான் எல்லாரும் உண்டியலுக்கு, அதாவது பாங்க் இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்பும் முறைக்கு, போனார்கள். இப்போது அந்தச் சாக்கு இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வும் நம் யுபிஐயும் இணைந்திருக்கின்றன. உண்டியல் சட்டவிரோதம். அதோடு, நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் காட்ட ஒரு ரசீதும் இருக்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "உன் பாங்க் கணக்கை ஒரு மாதம் கொடு, நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால், அவர் நம் தெருக்காரராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். சிங்பாஸும் (சிங்கப்பூர் அரசின் மின்அடையாளக் கணக்கு) அப்படித்தான். மோசடிப் பணம் அதில் ஓடும், போலீஸ் உங்களைத் தேடி வரும். சிறைத் தண்டனை உண்டு.

நிலத்துக்கு வருகிறேன். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. இரண்டு மா என்ன, இரண்டு குழிகூட முடியாது. மனை, வீடு வாங்கலாம். அப்பாவின் நஞ்சை வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் பேரில் வாங்கிப்போடுகிறேன் என்று இறங்காதீர்கள். பத்திரம் யார் பேரிலோ சொத்து அவருடையது, பினாமிச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

நிலத்தின்மேல் ஆசை என்றால் இருக்கிற நிலத்துக்குச் செய்யுங்கள். மாதாமாதம் ஒரே தொகை அனுப்புவதைவிட வெள்ளாமையைப் பார்த்து அனுப்புங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிற வருஷம் உழவு, விதை, நாற்றங்கால் செலவு மே மாதமே வந்துவிடும். ஏப்ரல் சம்பளத்தில் ஒதுக்கி மே 10-க்குள் அனுப்பிவிடுங்கள். ஜூனில் அனுப்பினால் அதற்குள் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.